உள்ளளவும்

இரைப்பைக்கு ஒரு ஜாடி.
ஈரலில் ஒரு துண்டு, சிறுநீரகம் இரண்டிலும் பாதிப் பாதி,
அதற்கு இன்னொன்று.
இனிக் கரையாது என்று அடியில் தங்கும்வரை
கல்லுப்பைக் கரைத்து ஆறவைத்து ஊற்றுகிறேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இங்கே உப்பிடுவது நான்.

அரக்கு உருகும் வாசனை.
காவலர் சுடலைக்கண்ணு வாசலில் நிற்கிறார்.
திருநெல்வேலி பஸ்ஸில் மடியில் வைத்துத்தான் கொண்டுபோவார்.
பக்கத்து சீட்டில் கேட்டால்
ஊறுகாய் என்பாராம்.

செங்கோட்டையில் சாரல்.
ஒழுகும் பதிவறையிலிருந்து போன வாரம் காப்பாற்றிய கட்டில்
ஒரு நோட்டு, கொல்லம் ஆண்டு 1108.
ஊர் அப்போது மலைக்கு அந்தப் பக்கத்து ராஜாவுக்கு.
ஜாடி மேற்கே போயிருக்கிறது:
ஆரியங்காவுக் குகை, தென்மலை, கொல்லம்,
பிறகு திருவனந்தபுரம்.

உலகம்மாள். வயது முப்பத்திரண்டு.
இரவு ரசம் சாதம். விடியுமுன் வாந்தி.
நாடி முப்பத்தாறு.
எழுதிய டாக்டர் அந்த எண்ணுக்குக் கீழே
கோடு போட்டிருக்கிறார்.
ஏனென்று எழுதவில்லை.

அங்கே ஒருவர் துத்தநாகத்தில் அமிலம் விட்டு
குழாயைச் சூடாக்கியிருப்பார்.
கறுப்புப் பளபளப்பு படியவில்லை; பாஷாணம் இல்லை.
சாற்றில் ஒரு சொட்டை நாக்கில் வைத்திருப்பார்
(அந்தக் காலத்தில் அதுவும் சோதனைதான்);
மரத்துப்போகவில்லை; நாபி இல்லை.
ஒரு தவளையின் நெஞ்சு நின்றிருக்கலாம்,
ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில்.

ஏழாவது வாரம் மலையாளத்தில் ஒற்றை வரி:
விஷம் தட்டுப்படவில்லை.
கணவர் ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனார்.

ஒதளங்காய்.
மிளகும் சீரகமும் கசப்பை விழுங்கிவிடும்.
மலை இறங்கினால் காயல் கரையெல்லாம் அந்த மரம்,
ஜாடி போன ரயிலுக்குக்
கையெட்டும் தூரத்தில்.
எனக்குத் தெரியும் என்று எழுதிவிடலாம்.
எழுத முடியாது. ஜாடி இல்லை.

இப்போது மயிரிழைக் குழாய்க்குள் ஓடி
காகிதத்தில் ஒரு முகடாக எழும்புகிறது கசப்பு.
நல்ல மெஷின். ஆனால்
பேர் சொல்லிக் கேட்டால்தான் பேசும்.
கேட்காவிட்டால் அதுவும்
தட்டுப்படவில்லை என்றே அச்சடிக்கும்.

சுடலைக்கண்ணு இருமுகிறார். பஸ்ஸுக்கு எட்டு நிமிஷம்.
படிவத்தை இழுத்துக்கொள்கிறேன்.
புளியரை. பெண். இருபத்தாறு.
மீன்குழம்பு.
ஆம்புலன்ஸ் பையன் குறித்த நாடி முப்பத்தெட்டு.

கீழே ஒரு கோடு.
பக்கத்திலேயே, கட்டம் போதாமல்
ஓரத்தில் ஏறி மடங்கி,
ஏன் என்று.