நாற்பதுக்கு அரை

"பீளமேட்டுல இருந்து ஷார்ஜா
ரெண்டாயிரத்து எழுநூத்திச் சொச்சம் கிலோமீட்டர்,
நாலு மணி நேரம்,
தூங்கி எந்திரிச்சா வந்துருமுங்க்கா"
போனைப் பார்த்துச் சொன்னான் மெர்ச்சண்டைசர் பையன்.
நல்லூர் கம்பெனியிலிருந்து பீளமேட்டுக்கு
எவ்வளவு நேரமென்று அவன் சொல்லவில்லை.
கருமத்தம்பட்டியில்
ஒரு கண்டெய்னர் குறுக்கே நின்றது.

மடியில் சாம்பிள் பெட்டி.
ஆறு குழந்தைப் பைஜாமா.
நீளம் நாற்பது இருக்கணும்,
அரை சென்டிமீட்டர் கூடுதல், வேண்டாம் என்றுவிட்டார்கள்.
"நான் அளந்ததுங்க, தப்பாது" என்றேன்.
"அப்ப நீங்களே போய் அளந்து காட்டுங்க துளசிமணி."
பத்துமலைக்கென்று எடுத்து
போகாமல் கிடந்த பாஸ்போர்ட் இருந்தது.

செக்யூரிட்டிப் பெண்
கைப்பையிலிருந்து டேப்பை உருவினாள்.
பதினேழு வருசமாக என் கழுத்தில் கிடப்பது.
"இதுல ஆபத்து ஒண்ணுமில்லைங்க."

விளக்கணைத்த பிறகு
முன்சீட்டுப் பையில் ஒரு புத்தகம்,
கடைசிப் பக்கத்தில் நீலக் கடல், சிவப்புக் கோடுகள்.
கை சும்மா இருக்குமா.
கோயமுத்தூரில் நுனியை வைத்தேன்
ஷார்ஜா பதினொன்றில் வந்தது.
சென்டிமீட்டருக்கு இருநூத்தி ஐம்பது,
அரைக்கு நூத்தி இருபத்தஞ்சு.
அப்படியென்றால் அந்த அரைக்குள்
சூலூர், பல்லடம், காங்கயம், வெள்ளகோவில் அடங்கி
கரூர் வரைக்கும் போய்விடுகிறது.
விமானம் என்னவோ
மேற்கே போய்க்கொண்டிருந்தது.

இறங்கினால் அங்கே ஒன்றரை மணி நேரம் குறைச்சல்.
ஓவர்டைம் எந்த மணிக்கு எழுதுவது?

ஆபீஸில் சதீசன் என்றொரு மலையாளி.
பேசவில்லை. இரும்பு ஸ்கேலை மேஜையில் வைத்தார்,
பக்கத்தில் என் டேப்பை விரித்தார்.
பத்து வரை சேர்ந்தே போனது.
இருபதில், தூக்கமில்லாத கண் என்று நினைத்தேன்.
நாற்பதில்
என் கோடு அவர் கோட்டைத் தாண்டி
அரை சென்டிமீட்டர் தள்ளி நின்றது.
அவர் ஒரு சாயா வரவழைத்தார்.
குடித்தேன்.

போன ஐப்பசியில்
செல்லக்கனி தைத்த எண்பத்திரண்டு பீஸ்,
நீளம் பத்தாதென்று
சாக்பீஸால் குறுக்கே இழுத்துத் தள்ளினேன்.
"எக்கா, நான் சரியாத்தான தச்சிருக்கேன்."
"டேப் சொல்லுது, நீ சொல்லாதே."
பீஸுக்கு நாலு ரூபாய் பிடித்தார்கள்.
அந்த வாரமே நின்றுவிட்டாள்.
அவிநாசிப் பக்கம் ஏதோ யூனிட்டில் இருக்கிறாளாம்.

திரும்பும்போது அதே தூரம்.
கடிகாரம் மட்டும் ஒன்றரை மணி நேரம் கேட்டது.
இந்த சீட்டிலும் அந்தப் புத்தகம் இருந்தது,
தொடவில்லை.
கடலையும் குறைத்துத்தான் அளந்திருக்கிறேன்.

"அவிநாசிக்கு எவ்வளவு தூரமுங்க?"
டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.
"முப்பது இருக்குமுங்க. ரோட்டப் பொறுத்து
முக்கால் மணி, ஒரு மணி."
முன்னூத்தி இருபத்தெட்டு ரூபாய்
தனியாக எண்ணி வைத்தேன்.
அந்த எட்டு ரூபாய்ச் சில்லறைக்குத் துழாவினால்
பையில் திர்ஹாம்தான் வருகிறது.