லைன் கிளியர்

சிக்கந்தர் போன் போட்டபோது
சோழவந்தான் ரோட்டில் மூன்றாவது கம்பத்தின் உச்சியில் இருந்தேன்.
இறங்கி எடுத்தேன்.
"செக்கானூரணிப் பையனை ஏ டீமுக்கு ஏத்திரலாமா?
நீ சொல்லு. பின்னால நிக்கிறவன் நீதான்."

பின்னால் நிற்பது என் வேலை.
பெனால்டி கார்னரில் முதல் ஆளாக ஓடிப்போய்
பந்துக்கு முன்னால் என் காலைக் கொண்டுபோய் வைப்பதும்.
பதினொரு வருஷம்.
ஒச்சப்பன் ஆடும் இடமும் அதுதான்.
அதைச் சிக்கந்தர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பதினேழு நிறைய இன்னும் நாற்பது நாள்.
பி டீமில் ஒன்பது ஆட்டம், பதிமூன்று கோல்,
அத்தனையும் டிராக் ஃபிளிக்.
ஆனால் திருமங்கலம் செம்மண்ணில் போட்ட கோலுக்கு
ரேஸ்கோர்ஸ் டர்ஃபில் என்ன விலை என்று
எவனுக்கும் தெரியாது.
மண்ணில் பந்து ஒரு தத்துத் தத்தி யோசிக்கும்.
டர்ஃபில் யோசிக்காது.

"ஒரு சீசன் போகட்டும்" என்றேன்.
காரணமும் சொன்னேன்.
பந்தை நிறுத்தின பிறகுதான் தலையைத் தூக்குகிறான்.
இடதுபக்கம் ஆள் வந்தால் திணறுகிறான்.
செல்வினை நினைச்சுப் பாரு,
பதினாறில் ஏற்றினோம்,
சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து
எங்களுக்கு எலுமிச்சைத் துண்டு எடுத்து நீட்டினான்,
மட்டையை வைத்துவிட்டுத் திருப்பூர் போனவன்
தீபாவளிக்கு வந்தால்கூட மைதானம் பக்கம் திரும்புவதில்லை.

எல்லாம் உண்மை.
ஒரு பொய்கூடச் சொல்லாமல்
ஒருத்தன் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்
என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுபடி ஏறினேன்.
வேலை முடிந்தால் லைன் கிளியரைத் திருப்பிக் கொடுக்கணும்.
ஆள் இறங்கியாச்சு, எர்த் ராடு எடுத்தாச்சு,
சார்ஜ் பண்ணலாம் என்று
சப்ஸ்டேஷனுக்கு என் வாயால் சொல்லணும்.
அதுவரை ஊர் இருட்டில் கிடக்கும்.
முந்திச் சொன்னால் ஒருத்தன் கரிக்கட்டை.
பிந்திச் சொன்னால்
அரிசி மில்லுக்காரர் திட்டுவார்,
பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை திட்டும்,
யாரும் சாகப்போவதில்லை.
அதனால் எப்போதும் பத்து நிமிஷம் தாமதமாகச் சொல்வேன்.
ஆபீசில் எனக்கு நல்ல பெயர்.

போன மாசம் பயிற்சியில் அவன் வீசினது
என் முழங்காலுக்குக் கீழே பட்டது.
மட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.
"அண்ணே, அண்ணே" என்று ஸ்பிரே அடித்தான், ஊதினான்.
அதற்கப்புறம் வீசினதெல்லாம்
என்னைவிட்டு ஒரு கஜம் தள்ளி.

இந்த வியாழக்கிழமையும் பட்டது. அதே எலும்பு.
நான் குந்திவிட்டேன்.
அவன் வரவில்லை.
பந்து எங்கே திரும்பிப் போனது என்று பார்த்தான்.
வலதுகாலை அரைச் சாண் நகர்த்தி வைத்தான்.
"இன்னொண்ணு தள்ளுடா" என்றான்.
எழுந்து ஓடினேன்.
காதோரம் காற்று.
திரும்பினபோது வலை ஆடிக்கொண்டிருந்தது.

மரியாதை தெரியாத பயல்
என்று முனகிக்கொண்டே வண்டியை எடுத்தேன்.
காளவாசல் சிக்னலில்
வீங்கின காலை ஊன்றி நிற்கும்போது உறைத்தது.
சிவப்பு போய்ப் பச்சை விழுந்து
பின்னால் ஷேர் ஆட்டோக்காரன் கத்துகிறவரை நின்றேன்.

ராத்திரி பதினொன்றரைக்கு
நானே போன் போட்டேன்.
"ஞாயித்துக்கிழமையே எடு."
"சீசன் போகட்டும்னியே?"
"போயிருச்சு."
சிக்கந்தர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"பதினாறு சட்டைதான் இருக்கு, தெரியும்ல?"
"தெரியும்."
"சட்டை இல்லாம பெஞ்சுல உட்காருவியா?"

அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.
இடதுபக்கம் ஆள் வந்தால் அவன் திணறுவான்,
அது இப்போதும் உண்மை.
வெளியிலிருந்து யாராவது கத்தணும்.