பதினோரு நாள்

கிரிம்ஸ்பியில் அக்டோபர் மழை
மேலிருந்து விழுவதில்லை, பக்கத்திலிருந்து வரும்.
ஜோலீன் ஸ்டப்ஸ் வேனை நடைபாதையில் பாதி ஏற்றி நிறுத்துகிறாள்.
கருவிப்பெட்டி. தரையில் விரிக்க ஒரு பழைய துண்டு.
கதவைத் திறந்த கிரெய்க் ஆஸ்டர்பி
வா என்றுகூடச் சொல்லவில்லை:
"பதினோரு நாள் தாமதம். தெரியும்.
கடலில் புயல். படகு வரவில்லை."

கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளில் ஏறி
போல்ட் முடுக்குவது அவன் பிழைப்பு.
நம்பத்தக்க காரணம்தான்.

பாய்லர் சமையலறை அலமாரிக்குள் இருக்கிறது,
ஓட்ஸ் டப்பாவுக்கும் பூனை உணவுக்கும் நடுவே.
பத்து வருட உத்தரவாதம், இது ஆறாவது.
உத்தரவாதம் என்கிறோமே,
பாதி உத்தரவு, மீதி வாதம்.
ஆண்டுக்கொரு பராமரிப்பு, பன்னிரண்டு மாதக் கெடு.
கெடு தப்பினால் எல்லாம் கெடும் என்று
கையேட்டில் எறும்பு எழுத்தில் இருக்கிறது.

முன்மூடியைக் கழற்றுகிறாள்.
தீப்பொறி முனைகளின் இடைவெளி நாலு மில்லிமீட்டர்.
பர்னர் சீலில் விரிசல் இல்லை.
காந்த வடிகட்டியைத் திறந்து வாளியில் கவிழ்க்க
வழவழவென்று விழுகிறது
ஓராண்டாக இரும்பு தன்னையே தின்ற கறுப்பு.
"அவ்வளவா?" என்கிறான்.
"இது குறைவு," என்கிறாள்.

வருடத்துக்கு ஒருநாள் மட்டும் பார்க்கும் வீடு.
முதல் வருகையில் குழந்தை நாற்காலி ஒன்று
வழியை மறித்துக்கொண்டிருந்தது.
மூன்றாவதில், அலமாரிக்கு அடுத்த சுவரில்
பென்சில் கோடுகள்:
மார்தா, மார்தா, மார்தா, ஒவ்வொன்றும் சற்று மேலே,
ஒவ்வொன்றுக்கும் தேதி.
ஐந்தாவதில் கோடு ஏறவில்லை.
கொக்கியில் ஒரு கோட்டுதான் தொங்கியது.
அவள் எதுவும் கேட்கவில்லை.
வாயு அழுத்தத்தை மட்டும் எழுதிக்கொண்டு போனாள்.

புகைக்குழலுக்குள் மூக்கை நுழைத்த கருவி
எண்களைத் தேடிக்கொண்டிருக்கிறது.
அது நிதானிக்கும் வரை பார்க்க வேறொன்றும் இல்லை,
சுவரைத் தவிர.

புதுக் கோடு.
பழையதற்கு நாலு விரல் மேலே,
அழுத்தி வரைந்ததில் பென்சில் முனை ஒடிந்திருக்கிறது.
மார்தா. அக்டோபர் பன்னிரண்டு.

பன்னிரண்டு.
அன்று காலை ஒன்பது மணிக்குத்தான்
இந்த வீட்டில் அவளுக்கு வேலை குறித்திருந்தது.
எட்டரைக்கு ஒரு குறுஞ்செய்தி: புயல், மன்னிக்கவும்.
அன்று அவள் வேனில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றாள்,
கண்ணாடியை இறக்கிவிட்டு,
வெயிலில்.

கார்பன் மோனாக்சைடு எண்பத்திரண்டு. சரி.
சிறு கண்ணாடித் துளைக்குள் சுடர்
நீலமாக, அசையாமல் நிற்கிறது.

"ஒரு உதவி," என்கிறான் முதுகுக்குப் பின்னால்.
"பன்னிரண்டு என்றே போட்டுவிடேன்.
யார் பார்க்கப் போகிறார்கள்?"
பேனா புத்தகத்தின் மேல் நிற்கிறது.
ஐந்து கட்டங்களில் அவள் கையெழுத்து,
ஐந்தும் ஒரே சாய்வு.
உரிமம் அவள் பெயரில்; அடமானமும் அவள் பெயரில்.
பொய்த் தேதியில் கையெழுத்திட்டதே இல்லை,
மாமியார் வீட்டு பாய்லருக்குக்கூட.

இருபத்து மூன்று என்று எழுதுகிறாள்.
அவன் பெருமூச்சு விடுவது கேட்கிறது.
பக்கத்தின் அடியில் 'குறிப்புகள்' என்றொரு பத்தி,
இந்த ஊரில் யாரும் நிரப்பாதது.
அதில் ஒரே ஒரு சொல், சின்னதாக:
புயல்.

அவன் படிக்கிறான்.
சுவரைப் பார்க்கிறான். அவளைப் பார்க்கிறான்.
கெட்டிலை எடுத்துக் குழாயடியில் பிடிக்கிறான்,
நிரம்பி வழிந்த பிறகும்.

"கம்பெனிக்காரன் ஒத்துக்கொள்வானா?"
"தெரியாது. போன் போட்டுக் கேள்.
சர்க்கரை வேண்டாம், எனக்கு."

மூடியை மாட்டி, நாலு திருகும் முடுக்கி,
தன் விரல் ரேகைகளைத் துண்டால் துடைக்கிறாள்.
வெந்நீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டுகிறாள்.
குளிர், குளிர்,
இன்னும் குளிர்,
பிறகு.