லிங்க்ஸு ஒண்ணு

செவ்வாய்ப்பேட்டைக் கடையில்
இருப்பு எழுதுகிறவள் நான்.
"லிங்க்ஸு ஒண்ணு குடும்மா"
என்கிறார் மாதேசு,
ஏற்காடு அடிவாரத்திலிருந்து
சைக்கிளைத் தள்ளியே வந்தவர்.

ஒன்றென்றால் எது?
உள்தகடு இரண்டு, வெளித்தகடு இரண்டு,
பின் இரண்டு, உருளை இரண்டு.
முதலாளிக்கு இது ஒரு லிங்க்,
மெக்கானிக் பச்சையப்பனுக்கு இரண்டு,
கம்பெனி பில்லில் ஒரு செட்.
நோட்டில் மூன்றும் என் கையெழுத்தில்.

ஒற்றைக் குண்டையும்
பால்ஸு என்கிற கடை.
பன்மைக்குக் 'கள்' சேர்க்கலாமே என்றேன் ஒருநாள்.
"கடைக்குள்ளயா?" என்றார் முதலாளி.

மாதேசு செயினைத் தரையில் நீட்டுகிறார்.
"இது ஒண்ணுதான் போச்சு.
மிச்சம் நூத்திப் பதினொண்ணும் நல்லாத்தான் இருக்கு.
வழியில பாத்தவனெல்லாம்
செயினே அந்துபோச்சாங்கறான்."

பில்லில்
எண்ணிக்கைக் கட்டத்துக்குள்
'கொஞ்சம்' என்று எழுதிக்
கிழித்துக் கொடுத்தேன்.