மிச்சக் காசு

மாடுதான்.
ஷெல் இல்லை.
வன்னியில தலையில தையல் போட்ட ஆளைக் கண்டால்
எல்லாரும் ஷெல் எண்டுதான் நினைக்கினம்.
இரவிலயும் தார் சூடாறாமல் கிடக்கும்,
மாடுகள் வந்து அதில படுக்கும்.
கொக்காவில் பக்கம், பதினொன்றரை மணி,
ஹெல்மெட் கைப்பிடியில தொங்கினது.

யாழ்ப்பாணத்தில படம் எடுத்தவை.
டொக்டர் காதுக்குப் பின்னால
ஒரு வெள்ளைப் பொட்டைக் காட்டி
இது என்ன எண்டு கேட்டாராம்.
பவளராணிக்குத் தெரியேல்லை.
எனக்கு அப்ப நானே தெரியேல்லை.
அரிசிக் குருணியளவு இரும்பு.
மாத்தளனிலயோ எங்கயோ ஏறினது,
பன்னிரண்டு வருசம் டிக்கெட் எடுக்காமல்
என்னோடயே வந்திருக்கு.
"அது ஒண்டும் செய்யேல்லை, இருக்கட்டும்" எண்டார்.

படிவத்தில ஒரு பெட்டி:
யுத்தப் பாதிப்பு, ஆம், இல்லை.
கிராம சேவகர் பேனையை நீட்டிக்கொண்டு நிண்டார்.
மாட்டுக்குப் பெட்டி இல்லை.

நான் கொண்டக்டர்.
வவுனியா, பரந்தன், பதினொரு வருசம்.
தரிப்புகள் நித்திரையிலயும் வரிசையா வருமாம்.
தாள்களை விரலிடுக்கில மடிச்சு வச்சு
நெரிஞ்சு நிக்கிற சனத்தில
ஆருக்கு எவ்வளவு மிச்சம் எண்டு
எழுதாமலே தெரியும்.

இப்ப கரண்டி கேட்க வாயெடுத்தால்
சாவி எண்டு வருது.
மகளைக் கூப்பிட்டால்
தங்கச்சியின்ர பெயர் வருது.
அந்தப் பெயரை எங்கட வீட்டில
இவ்வளவு காலமும் ஒருத்தரும் சத்தமாச் சொன்னதில்லை.
சாருகா "என்னப்பா" எண்டு வந்து நிப்பாள்,
தன்ர பெயர் போல.

மணமும் போட்டுது.
கறி அடிப்பிடிச்சுக் கரியாகும் வரைக்கும்
பக்கத்திலதான் இருந்திருக்கிறன்.
ஒருநாள் கிரைண்டர் சத்தம்
மண்டைக்குள்ள ஏறி
கோப்பையை எறிஞ்சன்.
சுவரெல்லாம் பருப்பு.
அவள் துடைச்சாள்.
பிறகு கிணத்தடிக்குப் போய்
வாளியை இறக்காமலே கனநேரம் நிண்டாள்.
என்ன சொல்லவேணும் எண்டு தெரிஞ்சுதான் இருந்தது.
எழும்பிப் போகத்தான் தெரியேல்லை.

வவுனியா ஆசுப்பத்திரியில
கதைக்கப் பழக்கிற பிள்ளை படம் காட்டும்.
குடைக்கு நான் மழை எண்டன்.
"கிட்ட வந்திட்டியள்" எண்டா.
கிட்ட வந்தால் போதாது மிஸ்,
பஸ் தரிப்பில நிக்கவேணும்.

நாகேசு அண்ணை, என்ர பழைய சாரதி,
முறிகண்டிக் கச்சானோட வந்தவர்.
"உனக்கெண்டு தேங்காய் அடிச்சன்,
ஒரே அடி, ரெண்டு பாதி, நல்ல சகுனம்."
தேங்காய்க்குமோ எண்டு கேட்க நினைச்சன்.
சொல் வந்து சேர முன்னம்
அவர் படலையைச் சாத்திப்போட்டுப் போயிட்டார்.
அண்டைக்குத்தான் தனிய இருந்து சிரிச்சன்.

போன வியாழன் கிளினிக் முடிய
ஆரையும் கூட்டிவராமல் பஸ் ஏறினன்.
புதுப் பெடியன், என்னைத் தெரியாது.
"அண்ணை, எங்க இறக்கம்?"
ஐந்நூறு ரூபாத் தாளை நீட்டினன்.
எங்கட கேற் நீலத் தகரம்,
முன்னால வாய்க்கால், அதில ஒரு உடைஞ்ச போக்கு,
எல்லாம் தெரியுது.
ஊருக்குப் பெயர் இல்லை.
பின்னால நிண்டவர் பலமா மூச்சு விட்டார்.
பெடியன் விசிலை வாயில வச்சபடி நிண்டான்.

வாய்க்குள்ள தொடங்கினன்.
தாண்டிக்குளம். ஓமந்தை.
புளியங்குளம், கனகராயன்குளம்,
மாங்குளம் சந்தி, இதில ரெண்டு நிமிசம் நிக்கும்,
முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ,
பனிக்கன்குளம்!

கத்திப்போட்டன் போல.
முன்சீட்டுக் குழந்தை திரும்பிப் பார்த்தது.
"சரி அண்ணை, மிச்சம் பிறகு தாறன்."

இறங்கினன். பஸ் போட்டுது.
படலையில கை வைக்கேக்கதான் உறைச்சது:
இருநூற்றி எழுபது ரூபா.
எழுதி வைக்கேல்லை. ஆரும் சொல்லித்தரேல்லை.
எனக்கு வரவேணும்.

"மிச்சம்" எண்டன் உள்ள போய்.
பவளராணி என்ர முகத்தைப் பார்த்தாள்,
வேற எந்தச் சொல்லுக்குப் பதிலா இது வந்திருக்கும் எண்டு
யோசிச்சு,
"என்ன, தண்ணியோ?" எண்டாள்.

இல்லை.
காசு.