வயர் செருகாத கிட்டார்

இரவு பத்துக்குப் பிறகு கடை அவர்களுக்கு.
இருநூற்றைம்பது பவுண், கையில் காசாக.
ஹல் நகரத்து பெவர்லி ரோட்டில்
உடுப்புத் தோய்க்கிற கடைக்கு
இப்படியும் ஒரு வரும்படி.

நாலு பொடியன்கள். பாடுகிறவன் பெயர் கலம்.
எங்கள் மொழியில் அது பாத்திரம்,
கப்பலுக்கும் சொல்வார்கள் என்றேன்.
"கூல்" என்றான், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.
சிரிக்கக் கூடாதாம். சிரிப்பெல்லாம்
வேறு வகைப் பாட்டுக்காரருக்காம்.

கிட்டார் வயர் தரையில் சும்மா கிடந்தது.
ப்ளக் இருக்கிற இடத்தைக் காட்டினேன்.
எல்லாரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

பகல் முழுக்க அடித்து ஊற்றிய மழை
இவர்களின் வான் வந்ததும் நின்றுவிட்டது.
வெளியே ஏணியில் ஒருத்தன் ஏறி
கண்ணாடிமேல் குழாயால்
மழை பெய்துகொண்டிருந்தான்.
புகை மெசினுக்குப் பயந்து
அலாரத்துக்கு ஷவர் தொப்பி மாட்டினார்கள்.
பழுதான டியூப்லைட் வேண்டுமாம்.
என்னுடையது பழுதில்லை.
ஆகவே ஒரு பெண் சுவிட்சில் விரலை வைத்தபடி
மூன்று மணித்தியாலம் அதைப் பழுதாக்கினாள்.

கலியாண உடுப்பில் ஒருத்தி ட்ரையர்மேல் குந்தியிருந்தாள்.
முயல் தலை மாட்டிய ஒருவன்
சில்லறை மாற்றும் பெட்டிக்குப் பக்கத்தில்.
முயல் ஏன் என்று ட்ரூடியைக் கேட்டேன். அவள்தான் டைரக்டர்.
"முயல் எப்போதும் இருக்கும்" என்றாள்.
வாசலில் நிறைகுடம் ஏன் என்று அவள் கேட்டிருந்தால்
நானும் வேறென்ன சொல்லியிருப்பேன்.

பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டார்கள்.
கீச்சுக் கீச்சென்று அது பறக்க
கோழி கொத்துவதுபோல் கலம் வாயசைத்தான்.
பிறகு வேகத்தைக் குறைப்பார்களாம்.
வாய் பாட்டோடு பொருந்திவிடும்.
மற்றதெல்லாம், மயிர், புகை, கண்ணாடியில் வழியும் நீர்,
செத்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி
மெல்ல அசையும்.

எட்டாம் நம்பர் ட்ரையரில்
மிஸ்டர் ஓல்ட்ராய்டின் துணி, இன்னும் ஒன்பது நிமிடம்.
வெளியே நிற்கச் சொன்னார்கள்.
"உள்ளே சுற்றுவது என்னுடைய காசு" என்றார்.
கதிரையை விட்டு எழும்பவில்லை.

மெசின் நின்றதும் எடுத்து மடிக்கத் தொடங்கினார்.
இருவர் படுக்கிற விரிப்பு.
ஒரு ஓரத்தை நாடியால் அமர்த்தி,
மற்ற ஓரத்துக்குக் கை காணாமல்,
தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நின்றார்.
ட்ரூடி கமெராவைத் திருப்பினாள்.
இன்னொரு தரம்.
உதறினார், மடித்தார்.
இன்னொரு தரம்.
ஏழாம் தரம் நான் போய் மறுமுனையைப் பிடித்தேன்.
ஃபிரேமுக்குள் நிற்கிறாய் என்று அவள் கத்தினாள்.
நின்றேன்.

"இடது மூலை முதலில்" என்றார் மிஸ்டர் ஓல்ட்ராய்ட்,
"எங்கள் வழக்கம்."
அவர் இரண்டு அடி வந்தார், நான் இரண்டு அடி போனேன்.
துணி இன்னும் சுட்டது.

மார்ச்சில் வீடியோ வந்தது.
கலியாணப் பெண் தெருவெல்லாம் ஓடுகிறாள்,
எதைவிட்டு என்று கடைசிவரை இல்லை.
மிஸ்டர் ஓல்ட்ராய்ட் நாலு வினாடி.
என் கைகள் மணிக்கட்டுவரை, கடைச் சாவியோடு.
விரிப்பு வெள்ளையாக எழும்பி
இறங்க மனமில்லாமல் இறங்குகிறது.
அதை உதறிய சத்தம் கேட்காது.
அந்த இடத்தில்தான்
வயர் செருகாத கிட்டார் அலறுகிறது.

வியாழக்கிழமை அவருக்குப் போனில் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தார்.
"அந்த முயல் ஏன்?" என்றார்.

ட்ரையர் நிற்க இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.