பழுப்புக்கு மார்க்

பிளாட் ஆற்றுக்கு வடக்கே, நெப்ராஸ்காவில்,
ஆகஸ்ட் கடைசி வாரம்
ஆர்டித் நோவோட்னி
செத்துக்கொண்டிருப்பவற்றுக்கு மார்க் போடுகிறாள்.

பூஜ்ஜியம் என்றால் முழுப் பச்சை.
பத்து என்றால் சருகு.
ஆறுக்கும் ஏழுக்கும் என்ன வித்தியாசம் என்று
அவளைக் கேட்காதீர்கள்.
காலை வெயிலில் அது ஒன்று,
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று.
அதனால்தான் கையில் ஒரு கருவி,
நண்டுக் கொடுக்குபோல் தோகையைக் கவ்வும்:
ஐம்பத்திரண்டு.
குனிந்து, கீழ்த்தோகையைக் கவ்வினால்
பத்தொன்பது.

வெளியே பார்த்தால் வாட்டம்.
உள்ளே சாமான் ஏற்றுகிற சத்தம் (கேட்காது).
உறங்கிக் கிடந்த மரபணுக்கள் ஒவ்வொன்றாக எழுந்து
பச்சையத்தைப் பிரித்து, புரதத்தை உடைத்து,
நைட்ரஜனை மூட்டை கட்டி
தண்டுவழியே கதிருக்கு அனுப்புகின்றன.
வீட்டைக் காலிசெய்பவர்கள்
வாசல் விளக்கைக் கடைசியாய் அணைப்பதுபோல
நரம்போரம் மட்டும் கொஞ்சம் பச்சை
நின்று, பிறகு அதுவும்.

தமிழில் இலையும் பழுக்கும், கனியும் பழுக்கும்.
ஆர்டித்துக்கு இது தெரியாது.
அவள் படிவத்தில் இரண்டுக்கும்
வேறுவேறு கட்டங்கள்.

ஜூலையில், பட்டிழை எட்டிப் பார்க்கும் முன்பே
பாதிச் செடிகளின் கதிருக்குக் காகிதப் பை மாட்டி
ஊக்கு அடித்தவள் எல்வியா பாஸ்குவால்.
நாளுக்கு அறுநூறு பை.
கழுத்தில் மகரந்தம் ஒட்டி அரிக்க அரிக்க.
மணி பிடிக்காத கதிர்
எதையும் கேட்காது;
கேட்க ஆளில்லாத செடி
தன் பச்சையைத் தானே வைத்துக்கொண்டு
பனிக்காலம்வரை நிற்கும்
என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நூற்றுப்பதினான்காம் வரிசை அப்படி நிற்கவில்லை.
பை மாட்டிய ஒவ்வொன்றும்
உச்சித் தோகையிலிருந்து ஊதாவாகி,
பக்கத்தில் பிள்ளை பெற்றுக் களைத்த செடிக்கு
ஒரு வாரம் முன்பே
காய்ந்து நின்றது.
போக இடமில்லாத சர்க்கரை
இலையிலேயே தேங்கி
இலையையே மூடச் சொல்லியிருக்கிறது.

நூற்றுப்பதினைந்து வேறு வம்சம்.
அதே மண், அதே பை, அதே ஊக்கு.
செப்டம்பர் முடிந்தும்
ஒன்றும் நடக்காததுபோல் பச்சை.
பத்துக் குரோமோசோம்களில் எங்கோ
ஓர் எழுத்து மாறியிருக்கலாம்,
நாற்பது எழுத்தும் மாறியிருக்கலாம்.
அதைத் தேடத்தான் இந்த நடை.

எல்வியா செத்த செடியை ஒடித்துத்
தண்டைக் கடித்தாள்.
"இனிக்குது," என்றாள். மறுபடி கடித்தாள்.
"ஹுவேஹுவேதெனாங்கோவில் மலட்டுச் செடியைத்
தேடித் தேடி ஒடிப்போம், பள்ளிக்கூடம் போற வழியில்.
இவ்வளவை வெச்சுக்கிட்டு
இது எதுக்குச் செத்தது?"

ஆர்டித்தும் ஒரு கணு வாங்கி மென்றாள்.
சக்கையைத் துப்பிவிட்டு
குறிப்பு என்ற கட்டத்தில்
"தண்டு இனிப்பு" என்று எழுதினாள்.
அடித்தாள்.
அடித்ததற்கு மேலே மறுபடி எழுதினாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு
மளிகைக்கடையின் பணம் அனுப்பும் சன்னலில்
எல்வியா நான்காவதாக நிற்கிறாள்.
கையிலிருப்பதை இருமுறை எண்ணுகிறாள்,
பெட்ரோலுக்கு இருபது டாலர் உருவிக்கொண்டு
மீதியைத் தள்ளுகிறாள் கண்ணாடிக்கு அடியில்.

அக்டோபர் ஒன்பது, முதல் உறைபனி.
விடிந்தபோது நூற்றுப்பதினைந்து
வேகவைத்த கீரைபோல் தொங்கியது,
மூட்டை எதுவும் கட்டாமல்,
யாருக்கும் ஒன்றும் அனுப்பாமல்,
பச்சையாகவே.

ஆர்டித் கருவியைப் பையில் போட்டாள்.
பனி கொன்றதற்கு
மார்க் போடுவதில்லை.